பத்து நாள் ஊழியமும் என்னிடம் கேட்ட பட்டியலும்

நண்பர்களே, இது நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள். சபைக் கமிட்டியிலேயே பேசியிருக்கலாமே டீச்சர் என்று சிலர் கேட்பீர்கள். பேசினேன். "அப்புறம் பேசிக்கலாம் டீச்சர்" என்றார்கள். நான்கு வாரம் ஆகிறது, அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் அமெரிக்காவிலிருந்து ஒரு திருச்சபைக் குழு நம் விருத்தாசலத்துக்கு வருகிறது. பன்னிரண்டு பேர், பத்து நாள். சென்னையில் இறங்கி களைப்பாறுவது, மாமல்லபுரம் பார்ப்பது, திரும்பிப் போவது எல்லாம் கழித்தால் இங்கே இருக்கப்போவது ஆறு நாள். அந்த ஆறு நாளில் பிள்ளைகளுக்கு மூன்று நாள் ஆங்கில வகுப்பு, ஒரு மருத்துவ முகாம், ஒரு பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது, பிறகு பீங்கான் சூளைகளில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் தெருவில் வீடு சந்திப்பு. அந்த வீடு சந்திப்புக்காக, "உள்ளதிலேயே ரொம்பக் கஷ்டப்படுற இருபது குடும்பம்" பட்டியல் எடுத்துத் தரும்படி என்னிடம் கேட்டார்கள். இடைநிலை ஆசிரியையாக முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்தவள் நான். அந்தத் தெருவில் பாதி வீட்டில் என்னிடம் அ, ஆ எழுதியவர்கள் இருக்கிறார்கள். யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்டார்கள்.

தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "டீச்சருக்கு வயசாயிடுச்சு, எதுக்கெடுத்தாலும் கோபம்" என்று பேசிக்கொள்கிறார்களாம். கோபம்தான். காரணத்தையும் கேளுங்கள்.

முதலில் அந்த ஆங்கில வகுப்பு. வரப்போகிறவர்களில் பாதிப்பேர் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். நல்ல பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தபோது, கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்பினால் பாடக்குறிப்பு எழுதி, வழிகாட்டி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்காமல் வகுப்புக்குள் காலை வைக்க முடியாது. பின்பெஞ்சில் ஒரு மூத்த ஆசிரியர் உட்கார்ந்து, நான் கரும்பலகைக்கு முன்னால் நின்று மறைக்கிறேனா, கடைசி வரிசைப் பிள்ளையைக் கேள்வி கேட்டேனா என்று எழுதிக்கொண்டே இருப்பார். அத்தனை கண்காணிப்பு எதற்கு? எதிரில் உட்கார்ந்திருக்கிறது பிள்ளைகள் என்பதற்காக. இப்போது எந்தப் பயிற்சியும் இல்லாத, தமிழில் ஒரு வார்த்தை தெரியாத ஒருவர் மூன்று நாள் வகுப்பு எடுப்பாராம். அமெரிக்காவில் அவர் ஊர்ப் பள்ளியில் இதே பையனை மூன்று நாள் வகுப்பெடுக்க விடுவார்களா? விட மாட்டார்கள். அங்கே நடக்காதது இங்கே நடக்கிறது என்றால், இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஏழை என்பது தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த மூன்று நாளும் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆட்டப்பாட்டு. ஒரு ஆங்கிலப் பாட்டு. பலூன், மிட்டாய், கலர் பென்சில். பிள்ளைகள் ஆசையாகத்தான் வருவார்கள், எந்தப் பிள்ளைதான் வராது? போகிற அன்றைக்குக் கட்டிப்பிடித்து அழுவார்கள். மறுநாள் அந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டிய பாடம் அங்கேயே, அதே பக்கத்திலேயே நிற்கும். அதை வாசிக்க வைக்கப்போவது உள்ளூர் டீச்சர்தான். அவளோடு யாரும் போட்டோ எடுத்துக்கொள்வதில்லை.

கணக்கைப் பார்ப்போம். கணக்குப் பாடம் எடுத்த பழக்கம், விடாது. ஒருவருக்கு விமான டிக்கெட், விசா, ஓட்டல், கார், சாப்பாடு எல்லாம் சேர்த்து 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேருக்கு 24 லட்சம். 2021இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் ஒரு தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய்தான் கொடுத்தார்கள். சாயங்காலம் தெருவில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 24 லட்சம் இருந்தால் அப்படி 200 பேருக்கு ஒரு வருஷம் முழுக்கக் கொடுக்கலாம். அந்தத் தொகை கேவலம், இன்னும் கொடுக்க வேண்டும் என்பீர்கள், சரி. மாதம் 20,000 சம்பளத்தில் பயிற்சி பெற்ற ஒரு டீச்சரை அந்தத் தெருவுக்கென்றே பத்து வருஷம் வைத்துக்கொள்ளலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை.

சுவருக்குப் பெயிண்ட் அடிக்க அத்தனை கடல் தாண்டி ஆள் வர வேண்டுமா? நம் ஊரில் பெயிண்டர்கள் ஜங்ஷன் பக்கம் காலை ஏழு மணிக்கு வேலைக்காக நிற்கிறார்கள்.

இது என் ஒருத்தியின் புலம்பல் என்று நினைக்காதீர்கள். 1998இல் மிட்ச் என்ற சூறாவளி மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் நாட்டை நாசமாக்கியது. வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழு குழுவாகப் போய் வீடு கட்டிக் கொடுத்தார்கள். குர்ட் வெர் பீக் என்ற பேராசிரியர், அவரும் கிறிஸ்தவக் கல்லூரிக்காரர்தான், பிறகு போய் விசாரித்தார். விமானச் செலவு உட்பட ஒரு குழு கட்டிய வீட்டுக்கு ஆன செலவு சுமார் 30,000 டாலர். உள்ளூர் கிறிஸ்தவ அமைப்புகள் அதே மாதிரி வீட்டை 2,000 டாலருக்குக் கட்டின. ஒரு வீட்டுக்குப் பதில் பதினைந்து வீடு! இதில் குழு வந்து கட்டிய வீட்டுக்காரர்கள் வேறு எந்த விதத்திலாவது கூடுதலாக முன்னேறினார்களா என்று பார்த்தால், பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. போய் வந்த வெள்ளைக்கார வாலிபர்கள் வாழ்க்கையே மாறிவிட்டது என்றார்களே, அவர்களும் ஊர் திரும்பிய பிறகு முன்பைவிடப் பெரிதாக எதுவும் கொடுத்துவிடவில்லை. ராபர்ட் வுத்னோ என்ற சமூகவியலாளர் போட்ட கணக்குப்படி அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் சபையார் இப்படி வெளிநாட்டுக்குப் போய் வருகிறார்கள். நம் தெருவுக்கு வருகிற பன்னிரண்டு பேர் அதில் ஒரு துளி.

இனி அந்தப் பட்டியல். எனக்கு உறுத்துவது இதுதான், பணத்தைவிட.

சூளையில் வேலை செய்யும் ஒரு பெண், என் பழைய மாணவி. பெயர் வேண்டாம். காலையில் பிளாஸ்டர் அச்சில் களி ஊற்றி, மாலைவரை பியூஸ் கேரியரும் கோப்பையும் அகல் விளக்கும் எடுத்து அடுக்குகிற வேலை. வெள்ளைக்காரர்கள் வீட்டுக்கு வருவார்கள் என்று யாரோ அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். கடைத்தெருவில் என்னைப் பார்த்தவள் கேட்டாள்: "டீச்சர், அன்னைக்கு வூட்ட பெருக்கி வைக்கணுமா, இல்ல அப்படியே வுடணுமா?"

புரிகிறதா? அவள் முட்டாள் இல்லை. வருகிறவர்களுக்கு எது தேவையோ அதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். விருந்தாளி வந்தால் பெருக்கிக் கோலம் போட்டுக் காபி வைப்பவள், இவர்களுக்கு மட்டும் குப்பையைக் காட்ட வேண்டுமோ என்று யோசிக்கிறாள். ஒழுகுகிற கூரை நன்றாகத் தெரிகிற மாதிரி உட்காரச் சொன்னால் உட்கார வேண்டியதுதானே என்கிறாள். எந்தப் பிள்ளைக்கு நான் "நிமிர்ந்து நின்னு பேசு" என்று சொல்லிக்கொடுத்தேனோ, அதே பிள்ளையை "உள்ளதிலேயே கஷ்டம், வரிசை எண் 7" என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறீர்கள். அந்தக் கையெழுத்தை நான் போட மாட்டேன்.

போட்டோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தைகள் இல்லம் ஒன்றுக்கும் கூட்டிப்போவதாகத் திட்டத்தில் இருக்கிறது. கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளின் அடையாளம் தெரியும்படி படமோ பெயரோ வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் இருக்கிறது. மீறினால் தண்டனை. கட்டிப்பிடித்துப் படம் எடுத்து அன்று ராத்திரியே உலகம் முழுக்கப் போடுகிறார்களே, இந்தச் சட்டத்தை அவர்களிடம் யார் சொல்லப் போகிறீர்கள்? கம்போடியாவில் இப்படி வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்க்கப் பார்க்க, அனாதை இல்லங்கள் பெருகின. 2005க்கும் 2010க்கும் நடுவே முக்கால் பங்கு கூடியது. அங்கே இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். பார்க்க ஆள் வந்தால் காட்ட ஆள் வேண்டுமே.

மருத்துவ முகாமுக்கு வருகிறேன். வெளிநாட்டு டாக்டர் இங்கே வைத்தியம் பார்க்க மருத்துவ கவுன்சிலின் அனுமதி வேண்டும், வாங்கியிருக்கிறோமா என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்யக் கூடாது என்பதும் சட்டம்தான். அது போகட்டும். பிரஷர், சுகர் மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். முகாமில் வேறு பெயரில், வேறு நிறத்தில் பதினைந்து நாள் மாத்திரை கொடுத்தால், கிழவிகள் இரண்டையும் சேர்த்துப் போடுவார்கள், அல்லது இரண்டையும் விடுவார்கள். நம் ஊர்ச் சூளைத் தொழிலாளிக்கு உண்மையான பயம் தூசு. களித்தூள், சிலிக்காத் தூள் வருஷக்கணக்கில் நெஞ்சுக்குள் படிந்து வரும் சிலிகோசிஸ். அதற்கு எக்ஸ்ரே வேண்டும், வருஷா வருஷம் பார்க்க வேண்டும், பட்டறையில் தூசு குறைக்க முதலாளியோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆறு நாளில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து எடுத்தால் அது தெரியாது. பல் துலக்கும் பசை தெரியும். அதைத்தான் கொண்டுவருகிறார்களாம், நூறு டியூப்.

"அப்போ மிஷனரிகளே வேண்டாமா? உங்க படிப்பே மிஷன் போட்ட பிச்சைதானே?" என்று ஒரு தம்பி கேட்டார். கேட்ட விதம் பிடிக்கவில்லை, கேள்வி நல்ல கேள்வி.

நம் ஊருக்குப் பக்கத்தில் கோணான்குப்பம் இருக்கிறது. ஜனவரித் திருவிழாவுக்கு நம்மில் பலர் போயிருப்போம். அந்தப் பெரியநாயகி மாதா கோயில் வீரமாமுனிவர் காலத்தது. இத்தாலியில் பிறந்த பெஸ்கி 1710இல் இந்தியா வந்தார், 1747இல் செத்தார், ஊருக்குத் திரும்பவே இல்லை. தமிழ் படித்தார், படித்து சதுரகராதி போட்டார், தேம்பாவணி பாடினார். எ, ஏ, ஒ, ஓ இவற்றுக்கு வித்தியாசம் தெரிய எழுத்தைத் திருத்தினார். முப்பத்துநான்கு வருஷமும் நான் கரும்பலகையில் எழுதியது அந்த ஏகாரத்தைத்தான். மாதாவுக்குப் பெயர் வைக்கும்போது, பழமலைநாதர் கோயில் அம்மன் பெயரையே எடுத்துப் பெரியநாயகி என்று வைத்தார். அந்தப் பெயர் ஆறு நாளில் காதில் விழுந்திருக்காது. அவர் கத்தோலிக்கர், போதாததற்கு லுத்தரன்களைத் திட்டிப் புத்தகமே எழுதியவர், அதனால் நம் சபையாருக்கு அவர்மேல் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. எனக்கு இல்லை.

சரி, நம் பக்கத்து ஆளையே சொல்கிறேன். இவ்லின் பிராண்ட் அம்மையார். கணவர் ஜெஸ்ஸி பிராண்டோடு கொல்லிமலையில் இருந்தார். 1929இல் கணவர் காய்ச்சலில் அங்கேயே இறந்தார். அம்மையாருக்கு எழுபது நெருங்கியபோது மிஷன், வயதாகிவிட்டது ஓய்வு பெறுங்கள் என்றது. சரி என்று ஓய்வு பெற்றார், பெற்ற கையோடு தன் பொறுப்பில் மறுபடி மலை ஏறிவிட்டார். கொல்லிமலை மட்டுமில்லை, நமக்கு மேற்கே தெரிகிற கல்வராயன் மலைக்கும் போனார். குதிரைமேல் போவார், விழுவார், மறுபடி போவார். நரம்புச் சிலந்தி நோய் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது, அந்தக் கிணற்றை எப்படிக் கட்டினால் வராது என்று கிராமம் கிராமமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1974இல், 95 வயதில் இறந்தார். கொல்லிமலையில்தான் புதைத்தார்கள், கணவர் பக்கத்தில். ஓய்வு பெற்ற எனக்கு அந்த அம்மையாரை நினைத்தால் இன்னும் கொஞ்சம் வெட்கமில்லாமல் வாய் திறக்கத் தைரியம் வருகிறது.

வெள்ளைக்காரர்தான் என்றில்லை. நம் திருநெல்வேலிக்காரர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903இல் திருநெல்வேலிச் சபையார் நம் காசைப் போட்டு இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியதில் முன்னால் நின்றவர். தானே தெலுங்கு படித்து, தோர்ணக்கல்லுக்குப் போய், 1945இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். 1910இல் எடின்பரோ மாநாட்டில் உலகத்து மிஷனரிப் பெரிய மனிதர்கள் முன்னால் எழுந்து நின்று, நீங்கள் நிறையக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், இனி எங்களுக்கு வேண்டியது சிநேகிதர்கள் என்கிற பொருளில் பேசினார். சபையில் பலருக்கு முகம் சுண்டிப்போனது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சிநேகிதர் வீட்டுக்கு யாராவது ஏழைப் பட்டியல் வாங்கிக்கொண்டு போவார்களா?

அதே தம்பி கேட்ட இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். "பணமா வாங்க முடியாது டீச்சர். 2020க்கு அப்புறம் வெளிநாட்டுப் பணச் சட்டம் இறுகிப்போச்சு. டெல்லி ஸ்டேட் பாங்க் கணக்குக்குத்தான் வரணும், பதிவு இல்லாத நம்ம மாதிரி சபைக்குப் பெரிய அமைப்பு வாங்கிப் பிரிச்சும் கொடுக்க முடியாது. ஆளாத்தான் வர முடியும்." உண்மைதான். அந்தச் சட்டத் திருத்தம் சின்னச் சின்ன நல்ல வேலைகள் பலவற்றின் கழுத்தை நெரித்தது என்று நானும் சொல்வேன். ஆனால் பதிவு உள்ள ஆஸ்பத்திரியும் பள்ளியும் இன்னும் இருக்கின்றன. அங்கே ஒரு நர்ஸின் சம்பளத்தை, ஒரு சிலிகோசிஸ் பரிசோதனையை அவர்கள் சபை வருஷா வருஷம் ஏற்கலாம். அதில் நம் கமிட்டி கையில் ஒரு பைசா வராது, மேடையும் மாலையும் கிடையாது. கஷ்டம் அங்கேதான் இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். மத்தேயு ஆறாம் அதிகாரத்தின் ஆரம்பத்தைக் கமிட்டியார் இன்னொரு முறை வாசிக்கலாம்.

சுனாமியை மறந்துவிட்டீர்களா? நம் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்குமேல் போனார்கள். முதல் வாரம் ஓடிவந்த கைகளை நான் குறை சொல்ல மாட்டேன், எந்த மதமோ எந்த நாடோ. அதன்பின் வந்ததைச் சொல்கிறேன். பழைய துணி மூட்டை மூட்டையாகச் சாலையோரம் கிடந்தது. தினம் உழைத்துச் சாப்பிட்ட மீனவர் அதைத் தொடவில்லை, அவமானம் என்றார்கள். ஆளாளுக்குப் படகு கொடுத்து, அலைக்கு முன்பு இருந்ததைவிட பைபர் படகுகள் அதிகமாயின. கேட்டுச் செய்யவில்லை, அவ்வளவுதான். கொடுக்கிறவனுக்கு எது சுலபமோ அது வந்து சேர்ந்தது.

நம் வாலிபர் சங்கப் பிள்ளைகளும் சும்மா இல்லை. ஒரே நிறத் தொப்பியும் பனியனும் போட்டுக்கொண்டு வடக்கே ஒரு வாரம் ஊழியப் பயணம் போய், ஆதிவாசிப் பிள்ளைகளோடு செல்பி எடுத்து வருகிறார்கள். இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இங்கே எழுதினால் இன்னும் நீளும்.

இந்தப் பதிவைக் கிறிஸ்தவர்களைத் திட்டுவதற்காகத் தூக்கிக்கொண்டு ஓட நினைக்கும் நண்பர்களுக்கு: ஓடாதீர்கள். நான் ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறவள். இது எங்கள் வீட்டுச் சண்டை. நீங்கள் கட்சி கட்டி அந்தத் தெருவில் எந்த மார்கழியில் எத்தனை டீச்சருக்குச் சம்பளம் கொடுத்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

அப்படியானால் வரவே வேண்டாமா? வரட்டும். 1968இல் இவான் இல்லிச் என்ற பாதிரியார், மெக்சிகோவுக்குச் சேவை செய்ய வந்த அமெரிக்க மாணவர்களிடமே நேராகச் சொன்னார்: பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், எங்கள் மலைகளில் ஏறுங்கள், உதவி செய்ய வராதீர்கள். நான் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். வகுப்பு வேண்டாம், முகாம் வேண்டாம், பெயிண்ட் வேண்டாம், பட்டியல் வேண்டாம். பட்டறை முதலாளி சம்மதித்தால், ஆறு நாளும் காலையில் சூளைப் பக்கம் உட்காரட்டும். களி கரைப்பது, அச்சில் ஊற்றுவது, எவ்வளவு நேரம் காய வைப்பது, ஈரத்தோடு சூளையில் வைத்தால் எப்படி வெடிக்கும் என்று என் மாணவி அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். அவள் டீச்சர், அவர்கள் மாணவர்கள். போன வேலை நேரத்துக்கு அவளுக்குக் கூலியும் கொடுக்கட்டும். சாயங்காலம் யாராவது தானாகவே வீட்டுக்குக் கூப்பிட்டால் போகட்டும், பெருக்கிக் கோலம் போட்ட வீட்டுக்கு.

இதையெல்லாம் அந்தக் குழுவின் தலைவருக்கு ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் கடிதமாக எழுதி வைத்திருக்கிறேன். என் பேரன் நான்கு இடத்தில் இலக்கணம் திருத்தினான், நான் அவனை இரண்டு இடத்தில் திருத்தினேன். கமிட்டிக்குத் தெரியாமல் அனுப்பும் எண்ணம் இல்லை. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கடிதத்தோடு வருகிறேன். அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்தால், காரணத்தை எழுதி, செயலர் கையெழுத்துப் போட்டு, தேதியோடு கொடுங்கள்.